போன ஜென்மத்துத் திருடி

எனக்கு வாய் சும்மா இருக்காது. கல்யாணமான முதல் வாரமே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். பஸ் நிறுத்தத்தை ஒட்டி எனக்கு ஒரு பூட்டு சாவிக் கடை. நான் உள்ளே உட்கார்ந்தால் வருகிறவர் வெளியேதான் நிற்க வேண்டும், அவ்வளவுதான் இடம். சாவி வெட்ட ஒரு மெஷின், நாலைந்து அரம், ஆணிகளில் கொத்துக் கொத்தாக வெட்டாத சாவிகள். சாவி தயாராகும் வரை ஒருவர் எதிரே நிற்கிறார் என்றால் அவரிடம் பேசாமல் எப்படி இருப்பது?

பேசுவதற்கு எனக்கு நல்ல விஷயமும் இருந்தது. என் மகள். ஏழு வயதிலேயே சாவி இல்லாமல் பூட்டைத் திறந்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு கம்பிகளை உள்ளே விட்டு, கண்ணை மூடி, காதைப் பூட்டோடு ஒட்டிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் பூட்டு டக்கென்று வாய் பிளக்கும். அதே பூட்டுக்கு எனக்குப் பத்து நிமிஷமும் இரண்டு கெட்ட வார்த்தைகளும் தேவைப்படும்.

"போன ஜென்மத்துல இவ பெரிய திருடி சார். எந்த ராஜா வீட்டுக் கஜானாவைக் காலி பண்ணினாளோ! பழக்கம் விடுமா?" என்பேன். நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சில பேர் சிரிக்காமல் தலையை ஆட்டி, "பூர்வ ஜென்ம வாசனைங்க. இல்லன்னா இந்த வயசுல எப்படி வரும்?" என்பார்கள். அதைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. என்னவோ அந்த ஜென்மத்துக்கும் நான்தான் அப்பன் மாதிரி.

அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது ஒரு கம்பெனி மேனேஜர் வந்து கூப்பிட்டார். வீட்டு பீரோ சாவியைத் தொலைத்துவிட்டார்களாம், உள்ளே அவசரமாக வேண்டிய பத்திரம் இருக்கிறதாம். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த மகளும் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். நான் அரை மணி நேரம் மல்லுக்கு நின்றேன். வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். "நீ தள்ளுப்பா" என்று அவள் என் கையிலிருந்த கம்பியை வாங்கினாள். மேனேஜரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைப்பதற்குள் பீரோ திறந்துவிட்டது. நான் சும்மா இருந்தேனா? கஜானா கதையை அங்கேயும் அவிழ்த்துவிட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து அந்த அம்மா கடைக்கு வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. பீரோவில் இருந்த மோதிரத்தைக் காணோம் என்றாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தாள்.

"நான் யாரையும் சொல்லலைங்க. நீங்களேதான் சொன்னீங்க, அது அவ ரத்தத்துல இருக்குன்னு."

ரத்தம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடவா முடியும்? கடை முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள். எல்லாரும் என் கதையைக் கேட்டுச் சிரித்தவர்கள். மகளின் பையை எடுத்து, மேஜைமேல் தலைகீழாகக் கவிழ்த்தேன். புத்தகங்கள், டிபன் டப்பா, பென்சில் துண்டுகள், பழைய பூட்டு ஒன்று, நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. டப்பாவைத் திறந்து பார்த்தேன். நோட்டை முதுகைப் பிடித்து உதறினேன். மோதிரம் இல்லை. அவள் எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் எடுத்து வைத்தாள். அந்தப் பூட்டையும் நோட்டையும் மட்டும் மேஜைமேலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் மேனேஜர் வந்தார். மோதிரம் அவர்கள் வீட்டிலேயே ஒரு பழைய கைப்பைக்குள் இருந்ததாம். "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அப்படியே பீரோவுக்கு இன்னொரு சாவி போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சாவியைப் போட்ட என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

அவர் போன பிறகுதான் நோட்டைப் பிரித்தேன். பக்கத்துக்கு ஒரு பூட்டு. அதன் வயிறு எப்படி இருக்கும் என்று பென்சிலில் படம். உள்ளே இருக்கும் சின்னக் குச்சிகளில் எது முதலில் ஏறுகிறது, எது ஏமாற்றுகிறது என்று பொடி எழுத்தில் குறிப்பு. கீழே தேதியும் ஒரு எண்ணும். 'நாற்பத்தொன்றாவது தடவை திறந்தது.' 'அறுபது தடவை, திறக்கவில்லை. நாளைக்கு.' முதல் பக்கங்களில் எழுத்துகூடச் சரியாக வரவில்லை. அப்போது அவளுக்கு ஆறு வயது இருக்கும். நான் எறிந்த பழைய பூட்டுகளை வைத்துக்கொண்டு, என் மேஜைக்கு அடியில், என் கால் பக்கத்திலேயே உட்கார்ந்து இத்தனையும் செய்திருக்கிறாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நான் மேலே வாயடித்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷம் அவள் பட்ட பாட்டை, எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு திருடிக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் கடைக்கு வரவில்லை. சண்டை போடவில்லை, அழவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், நன்றாகப் படித்தாள். என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் 'நீங்க' என்று ஆரம்பித்தாள். பொண்ணு வளர்ந்துட்டா என்றாள் என் மனைவி. நான் ஆமாம் என்றேன். இப்போது அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை.

போன மாதம் அவளிடமிருந்து போன். வேலை முடிந்து வந்தால் வீட்டுக் கதவின் பூட்டு சிக்கிக்கொண்டதாம். போனேன். மூன்றாவது மாடி. காய்கறிப் பையோடு படிக்கட்டில் நின்றிருந்தாள். எனக்கு இப்போது கை நடுங்குகிறது, கண்ணும் சரியில்லை. முக்கால் மணி நேரம் ஆகியும் பூட்டு அசையவில்லை. அவள் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு இரண்டு நிமிஷ வேலை. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கம்பியைக் கீழே போட்டேன். "எத்தனை வருஷம்மா? இன்னும் மனசு ஆறலையா? நாலு பேர் முன்னாடி உன்மேல பழி வந்துடக்கூடாதுன்னுதானே பையைக் கொட்டினேன்? அவங்க வாயை அடைக்கத்தானே?"

இத்தனை வருஷமும் எனக்கு நானே கட்டிக்கொண்ட சப்பைக்கட்டு அது. முதல் தடவையாக அவளிடம் சொன்னேன்.

"நானும் அப்படித்தான்ப்பா நினைச்சேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. "எனக்காகத்தான் கொட்டறீங்கன்னு நினைச்சேன். டப்பாவைத் திறந்தப்பக்கூட எனக்குக் கோவம் வரல. நோட்டை உதறினீங்க, ஒண்ணும் விழல. அப்ப ஒரு பெருமூச்சு விட்டீங்க."

"நானா?"

"தப்பிச்சோம்டான்னு ஒரு மூச்சு. எதுவும் இருக்காதுன்னு நம்புறவங்க அப்படி விட மாட்டாங்கப்பா."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் சொன்ன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த மூச்சை நான் விட்டேன்.