தரையில் மூன்று டேப் துண்டுகள்

என் அறையின் மூலையில், துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, தரையில் மூன்று டேப் துண்டுகள் ஒட்டியிருந்தன. கறுப்பு நிறம், கட்டைவிரல் நகம் அளவு. கோடு போட்டு இணைத்தால் முக்கோணம் வரும். அம்மா கண்ணில் பட்டிருந்தால் அழுக்கு என்று சுரண்டி எடுத்திருப்பாள். நான் மீடியா படிப்பில் இரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டுப் பாதியில் நின்றவன். கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களும் நிற்க வேண்டிய இடத்தை அப்படித்தான் குறித்து வைப்பார்கள், மறுநாளும் அதே கோணம் கிடைப்பதற்காக.

அந்தக் கோணம் என் கட்டிலைப் பார்த்தது. யாரோ நான் தூங்குவதைப் படம் எடுக்கிறார்கள். ஒரு நாள் அல்ல, பல நாள்.

நான் ஒரு பெரிய கிடங்கின் கண்காணிப்பு அறையில் ராத்திரி வேலை பார்க்கிறேன். பதினாறு திரைகள், ஒரு நாற்காலி. காலையில் வீட்டுக்கு வந்து மதியம் மூன்று மணி வரை தூங்குவேன். தூங்குகிறவனைப் படம் எடுத்து யாருக்கு என்ன லாபம் என்று வேறொருவன் குழம்பியிருப்பான். எனக்குக் குழப்பமே இல்லை. மூன்று மாதத்துக்கு முன் கிடங்கில் துப்புரவு வேலை பார்க்கும் பெரியவர் ஏணியிலிருந்து விழுந்தார். ஏழாம் திரையில் அது ஓடியது. இருபது நிமிடம் அவர் தரையில் கிடந்தார், நான் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தேன். விழித்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பிறகு பதிவை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஏணியின் படி முறிந்துதான் விழுந்திருந்தார். பார்த்துவிட்டு அழித்தேன். ‘ஏழாம் கேமரா ராத்திரி முழுக்க வேலை செய்யவில்லை’ என்று பதிவேட்டில் எழுதினேன்.

ஏணி நன்றாகத்தான் இருந்தது, ஆள்தான் கவனமில்லாமல் ஏறினார் என்று சொல்லி, நஷ்டஈடு தராமல் கம்பெனி கையை விரித்துவிட்டது. ஏணியையும் காணோம். போன மாதம் பெரியவர் ஊன்றுகோலுடன் கிடங்கு கேட்டுக்கு வந்தார்.

“உங்க டிவியில ஒண்ணுமே தெரியலையாப்பா?”

“கேமரா ரிப்பேர், பெரியவரே.”

“அப்படியா. சரிப்பா.”

அவ்வளவுதான். அந்த ‘சரிப்பா’வில் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதிலிருந்து பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனைக்கூட இரண்டு தடவை பார்க்கிறேன். இப்போது வீட்டுக்குள்ளேயே டேப்.

பெரியவரின் மகன் யாரையாவது ஏவியிருப்பானோ என்று யோசித்தேன். ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், மாதம் ஒருமுறை குழாயைப் பார்க்கிறேன் என்று உள்ளே வரும் வீட்டுக்காரர், எல்லாரையும் யோசித்தேன். பிறகு ஒரு வேலை செய்தேன். ஒரு டேப்பை மட்டும் உரித்து, ஒரு விரல் அகலம் தள்ளி, அழுத்தி ஒட்டினேன்.

மறுநாள் எழுந்து பார்த்தபோது அது பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது.

வேவு பார்க்க வந்தவனுக்கு ஒரு விரல் அகலம் ஒரு பொருட்டே இல்லை. நேற்று எடுத்த படத்தையும் இன்று எடுக்கும் படத்தையும் பக்கத்தில் வைத்து, கட்டில் கால் ஒரு நூல் நகர்ந்துவிட்டது என்று கண்டுபிடிக்கிற பைத்தியம் மட்டும்தான் அதைத் திருப்பி வைக்கும். அப்படிப்பட்ட பைத்தியம் எங்கள் வீட்டில் ஒன்றுதான். என் தங்கை. நான் விட்ட அதே படிப்பில் கடைசி வருடம். எந்நேரமும் எதையாவது உருட்டிக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவளுக்கு எலி என்று பெயர்.

அடுத்த நாள் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டேன். பதினோரு மணிக்குக் கதவு மெல்லத் திறந்தது. ஸ்டாண்டின் கால்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்காரும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. அரை மணி நேரம் கழித்து, பேனா உரசும் சத்தம் மட்டும்.

“எவ்வளவு நேரம்டி இப்படி உக்காந்திருப்பே?” என்றேன், கண்ணைத் திறக்காமல்.

பேனா நின்றது. “நீ எவ்வளவு நேரம் நடிப்பே?”

எழுந்து உட்கார்ந்தேன். மடியில் நோட்டுடன் சுவரில் சாய்ந்திருந்தாள். முகத்தில் துளி குற்ற உணர்ச்சி இல்லை.

“கேக்காம எடுக்கலாமா? இதான் காலேஜ்ல சொல்லித் தராங்களா?”

“கேட்டா நீ தலை சீவிட்டுத் தூங்குவே.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். ஹோம்வொர்க்னு சொன்னேன். சத்தம் போடாம பண்ணுன்னாங்க.” பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். “வெள்ளிக்கிழமை கடைசி நாள். இதுல நீ கையெழுத்துப் போட்டாத்தான் படத்தை வாங்குவாங்க. இல்லேன்னா நான் ஃபெயில்.”

“ஆகு.”

“அண்ணா!”

“நோட்டைக் கொடு முதல்ல.”

படம் எடுத்தால் மட்டும் போதாதாம். அதை எப்படி யோசித்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். என் காலத்திலும் உண்டு. நான் எழுதியதெல்லாம் அப்பட்டமான புளுகு. அவள் நோட்டைத் தரத் தயங்கினாள். அந்தத் தயக்கம் போதும் எனக்கு, பிடுங்கிக்கொண்டேன்.

‘வகுப்பில் எல்லாருக்கும் யோசனை வருகிறது. குளிக்கும்போது, பஸ்ஸில், தூக்கத்தில். எனக்கு வந்ததே இல்லை. ஒரே இடத்தில் கேமராவை வைத்துவிட்டுச் சலிக்கிற வரை உட்காருவேன். சலித்த பிறகும் உட்கார்ந்தால் ஏதாவது நடக்கிறது. இதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது.’

பக்கங்களைப் புரட்டினேன். நாள், நேரம், நான் எந்தப் பக்கம் புரண்டேன், ஜன்னல் வெளிச்சம் எங்கே விழுந்தது. திரைகளைப் பார்த்து நான் எழுதும் பதிவேட்டைவிட ஒழுங்காக இருந்தது.

‘நாள் 33. ஒரு டேப் நகர்ந்திருக்கிறது. அம்மா துடைத்திருந்தால் பிய்ந்திருக்கும். இது நகர்த்தி ஒட்டப்பட்டிருக்கிறது. அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்னைக் கேட்கவில்லை. வேறு யாரையோ எதிர்பார்க்கிறான். யாரை? இத்தனை நாள் தூங்குகிற ஒருவனை எடுத்தேன். இன்றைக்குத்தான் படம் கிடைத்தது. டேப்பைத் திருப்பி வைத்துவிட்டேன்.’

நான் வைத்த பொறியில் நானே போய் விழுந்திருந்தேன். அதற்குக் கீழே ஒரு பட்டியல். பதினொரு தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வாக்கியம்: ‘ஏழு வேலை செஞ்சுது.’

“என்ன இது?”

“நீ சொல்றது. தூக்கத்துல. சில நாள் தெளிவா, சில நாள் குழறி. படத்துல மொத்தமா இருக்கிற பேச்சே அதான்.” முன்னால் குனிந்தாள். “ஏழுன்னா என்னடா?”

“லிஃப்ட். ஏழாம் நம்பர் லிஃப்ட். அடிக்கடி நின்னுடும்.”

“நின்னுட்டா ஏன் வேலை செஞ்சுதுங்கறே?”

நான் நோட்டை மூடினேன். அவள் நோட்டை வாங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தைக் குறித்து, ஏதோ எழுதினாள்.

“என்ன எழுதினே?”

“லிஃப்ட்னு சொன்னான்னு எழுதினேன்.”

“அந்தச் சத்தத்தை எடுத்துடு. கையெழுத்துப் போடறேன்.”

“எடுத்தா அது வெறும் குறட்டைப் படம்.” பேனாவை மூடியபடி, “சரி, எடுத்துடறேன்” என்றாள்.

அவ்வளவு சுலபமாக எலி எதையும் விட்டதில்லை. நான் நம்பவில்லை. ஆனால் அவள் சொன்னபடியே செய்தாலும் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். படத்திலிருந்து எடுக்கலாம். என் வாயிலிருந்து எப்படி எடுப்பது? நாளைக்கு வேலை நாற்காலியில் கண் அசந்தால், பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றால், பஸ்ஸில் தலை சாய்ந்தால்? மனசாட்சி உறுத்தியது என்று இங்கே எழுதினால் என் பழைய காலேஜ் புளுகு மாதிரிதான் இருக்கும். எனக்கு வந்தது பயம். விழித்திருக்கும்போது நான் காவல் காக்கிறேன், படுத்தவுடன் நானே கதவைத் திறந்துவிடுகிறேன். இத்தனை நாள் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேன். பட்டியலில் இருந்த பதினொரு தேதியும் என் வேலைதான்.

“பேனாவைக் கொடு.”

தாளின் கடைசியில், ‘ஒப்புதல் தருபவர் ஏதேனும் சொல்ல விரும்பினால்’ என்று நான்கு கோடுகள் விட்டிருந்தார்கள். பெரியவர் விழுந்த தேதியைப் போட்டேன். அன்று ராத்திரி ஏழாம் கேமரா வேலை செய்தது, ஏணியின் படி முறிந்துதான் அவர் விழுந்தார், பதிவைப் பார்த்தது நான், அழித்ததும் நான், அப்போது வேலையில் தூங்கியதும் நான் என்று எழுதினேன். நான்கு கோடு போதவில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினேன். கீழே பெயரும் கையெழுத்தும்.

அவள் வாங்கிப் படித்தாள். இரண்டாவது தடவை படித்தாள்.

“நிஜமாவா?”

“ம்.”

“வேலை போயிடும்.”

“போகும்.”

“போலீஸ் வருமா?”

“தெரியாது.”

தாளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அழுவாளோ என்று பயந்தேன். எனக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது.

“இதைப் படத்துல சேக்க மாட்டேன்” என்றாள்.

“ஏன்?”

“நல்லாயில்ல. எல்லாத்தையும் போட்டு உடைக்குது. பாக்கறவங்களுக்கு வேலையே இல்ல.”

“சேக்க வேண்டாம். ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வா. ஒண்ணு ஆபீஸுக்கு, ஒண்ணு பெரியவருக்கு. இதைக் காலேஜ்ல கொடு.”

“இன்னிக்கேவா? வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கே. யோசிச்சுப் பாரேன்.”

“இன்னிக்கே.”

தாளை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகில் நின்று என்னைப் பார்த்தாள். சமையலறையில் அம்மா, “எங்கடி இந்த வெயில்ல?” என்று கேட்பது கேட்டது.

“ஜெராக்ஸ் கடைக்கும்மா. தோ வந்துடறேன்.”

குரல் சரியில்லை. ஜெராக்ஸ் எடுக்கப் போகிறவள் எதற்காகத் தாளை அத்தனை சின்னதாக மடிக்க வேண்டும்? வழியில் கிழித்துப் போட்டுவிட்டு, கடை மூடியிருந்தது என்று வந்து நிற்பாள். எனக்கு அவளைத் தெரியும்.

சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான் போட்டபடியே, அவள் பின்னாலேயே போனேன்.