திக்காத ஊர்

என் மனைவி ஞானபூரணத்துக்கு மனிதர்கள் திக்க வேண்டும். நீளமான சொல்லை வாசிக்கிறவர் அதை எங்கே உடைத்துக்கொள்கிறார், எங்கே தயங்குகிறார் என்று முன்கூட்டியே சொல்ல, மதுரையில் ஒரு கம்ப்யூட்டருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். அது 1986. கம்ப்யூட்டர் சொல்வது சரிதான் என்று நிஜ மனிதர்களை வைத்துக் காட்டினால்தான் டாக்டர் பட்டம். மாசக் கடைசி தாண்டினால் இத்தனை வருட உழைப்பும் அம்போ.

சங்கரன்கோவிலில் எங்கள் அப்பாவின் இரும்புக்கடைப் பின்கட்டுதான் சோதனைக்கூடம். ஆணி வாங்க வந்தவர்களை உட்காரவைத்து அவள் அட்டையை நீட்டுவாள். நான் டிரில் மாஸ்டரிடம் இரவல் வாங்கிய ஸ்டாப்வாட்சை அமுக்குவேன். எம்.ஏ. படித்ததற்கு ஏற்ற உத்தியோகம்.

முதல் நாள் வந்தவர்கள் அழகாகத் திக்கினார்கள். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்ற சொல்லில் கம்ப்யூட்டர் குறித்த அதே இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்கள். பூரணத்தின் முகத்தில் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத சந்தோஷம்.

மறுநாளிலிருந்து ஒருத்தரும் திக்கவில்லை. பனவடலிசத்திரத்திலிருந்து மண்வெட்டி வாங்க வந்த மூக்காண்டி, அட்டையைத் திருப்புவதற்குள் சொல்லியே விட்டார்.

“என் கணக்கே தப்பு” என்று பூரணம் சாப்பிடாமல் சுருண்டு படுத்துவிட்டாள். எனக்குக்கூடக் கேலி வரவில்லை. பாவமாக இருந்தது.

அப்பா எட்டிப் பார்த்தார்.

“எதுக்கு மக்கா பட்டினி கெடக்க? எல்லாரும் சரியாத்தான வாசிக்காவ? கல்லாப் பக்கத்துல உக்காத்தி, சொல்லிக் குடுத்துல்லா உள்ள அனுப்புதேன். அவன் திக்குனா ஒனக்குல்லா மார்க்கு போயிரும்!”

பூரணம் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

“மாமா, அவுக திக்குனாத்தான் நான் பாஸ்.”

அப்பா கல்லாவுக்குத் திரும்பினார். அவள் புது அட்டைகள் எழுதினாள்.

மறுநாள் முதல் ஆள் போஸ்ட்மேன் காளிராஜ். பாதி ஊருக்குக் கடிதம் வாசித்துக் காட்டுகிறவர். முதல் அட்டையில் ‘பால்’ என்றிருந்தது. “பா... பா...” என்று வேர்த்து விறுவிறுத்துப் போனார். நிலைப்படியில் நின்ற அப்பா, அப்படித்தான் என்பதுபோல் தலையாட்டினார்.

“நாளைக்குத் திருவேங்கடம் போயிருவோம்” என்று பூரணம் என் காதில் சொன்னாள். “மாமாகிட்டச் சொல்லாதீங்க.”

விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், எங்களுக்கு முன்பே அப்பா நிற்கிறார். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அரை நாள்தான் பூட்டிய கடையைப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகியிருந்தார்.

“திருவேங்கடத்துல நமக்கு ஆளு நெறைய உண்டு மக்கா” என்றார் மருமகளிடம். “நீ தைரியமா இரி. ஒருத்தனையும் ஒழுங்கா வாசிக்க விடமாட்டேன்.”