வாயோடு வாய்

பின்னறைக்குள் அவள் நுழைந்தபோது, அண்ணன் கிளிக்குஞ்சின் அலகை உதட்டில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தான். முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்களுக்குச் சத்தம் கேட்காமலிருக்க மற்றக் கூண்டுகளைப் போர்வையால் மூடியிருந்தான்.

“இப்பவாண்ணா?”

“சாவு வீடுன்னு இதுங்க வயித்துக்குத் தெரியுமா?” என்றவன் இருமினான். வறட்டு இருமல். அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

காட்டு மரப்பொந்துகளிலிருந்து திருட்டுத்தனமாக வரும் குஞ்சுகளை அப்பா வளர்த்து விற்பார். வேர்க்கடலையை மென்று கூழாக்கி, வாயோடு வாய் வைத்து ஊட்டுவார். “கரண்டியில குடுத்தா வளரும். வாயில குடுத்தாத்தான் பழகும்” என்பார். சின்ன வயதில் அவளும் குஞ்சுகளின் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறப்பாள். “இந்தக் கிளிக்கு ரெக்கையே மொளைக்கலியே, இதை எவன் வாங்குவான்?” என்று சிரித்தபடி முழுக்கடலை ஒன்றை உள்ளே போடுவார். அவர் மடியில் எப்போதும் இறகு வாசம் அடிக்கும். அந்த வாசத்தில்தான் அவள் தூங்கிப் பழகினாள்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். “வீட்ல பறவை ஏதாவது வளக்கறீங்களா?”

அம்மா முந்திக்கொண்டாள். “எங்க வீட்டு மேல காக்காகூட உக்காராது சார்.”

மூச்சு வாங்கியபடியே அப்பா சிரித்தார்.

இப்போது அண்ணனின் நெற்றியைத் தொட்டாள். அனலாகக் கொதித்தது. டாக்டரைக் கூப்பிட அவள் போனை எடுத்ததும், பின்னாலேயே வந்த அம்மா கையைப் பிடித்தாள்.

“கிளி விஷயத்தைச் சொன்னா போலீஸ்ல உங்க அண்ணனைப் புடிச்சிட்டுப் போயிடுவாங்கடி.”

“சொல்லலன்னா அப்பா பக்கத்துல இவனையும் கிடத்தணும்மா.”

அம்மாவின் பிடி தளர்ந்தது.

டாக்டரின் குரல் அம்மாவுக்கும் கேட்டது. “கிளியா? அதுங்க இறகுத் தூசியிலேருந்து மூச்சு வழியா தொத்தின காய்ச்சலா இருக்கும்மா. உடனே கூட்டிட்டு வாங்க. மருந்து இருக்கு. அன்னிக்கே சொல்லியிருந்தா...”

அம்மா அண்ணனிடமிருந்து குஞ்சை வாங்கிக் கூண்டில் விட்டாள். பிறகு, “ரெண்டு பேரும் கெளம்புங்க” என்றாள்.

ஆட்டோவில் அண்ணன் அவள் தோளில் சாய்ந்துகொண்டான். “அப்பாவை எடுக்கறதுக்குள்ள வந்துடலாமாடி?”

“வந்துடலாம்ணா.”

ஆட்டோ திரும்பும்போது அவள் எட்டிப் பார்த்தாள். அம்மா முன்னறை நாற்காலிகளைத் தெருவில் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் ஏனென்று புரியாமல் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அம்மா திரும்ப உள்ளே போய் எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டாள்.