கழற்றி ஒளித்த கதவு

இந்தக் காலத்தில் எவனும் காசு எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதில்லை. ஒரு அட்டையைக் காட்டிவிட்டு டி.வி.யைத் தூக்கி வருகிறான். பணம் எங்கேடா என்றால், அப்புறம் கட்டிக்கலாம் என்கிறான். என் மகன் தென்னரசும் அந்த ரகம்தான். திண்டிவனத்தில் டயர் கடையில் வேலை. முதலாளி சம்பளத்தை இழுத்தடித்ததும் அட்டைக் கடனைக் கட்ட முடியவில்லை. போனை அணைத்துவிட்டுக் கடையிலேயே படுத்துக்கொண்டான்.

பேங்க் அனுப்பின வசூல்காரன் எங்களைத் தேடி வந்தான். மண்டகப்பட்டுக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். வந்தவனுக்கு இஸ்திரி கலையாத சட்டை. பணம் வராவிட்டால் வெள்ளிக்கிழமை ஆளோடு வந்து வீட்டை ஜப்தி பண்ணுவேன் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான்.

ஜப்தி என்றால் எனக்குத் தெரியும். உரம் வாங்க என் அப்பா சொசைட்டியில் வாங்கின கடனுக்கு, வந்தவர்கள் முதலில் கழற்றினது கதவைத்தான். அது திரும்பி வரவே இல்லை. அதனால் நான் முந்திக்கொண்டேன். திருப்புளியால் கீலைக் கழற்றி, கதவை நானும் பக்கத்து வீட்டு பிரான்சிசுமாகத் தூக்கிப் போய் அவன் வைக்கோல்போருக்குள் செருகினோம்.

மருமகள் வேணி கைக்குழந்தைக்காரி. வாசலில் புடவையைக் கட்டித் தொங்கவிட்டாள். தெரு நாய் புடவைக்கு அடியில் புகுந்து தொட்டிலை மோந்து பார்த்தது. மறுநாள் பார்த்தால் அவள் பையைக் கட்டி வைத்திருந்தாள்.

"கதவு வந்தா இருக்கேன் மாமா. இல்லாட்டி புள்ளைய தூக்கிக்கினு எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்."

பேரனோடு அவள் பஸ் ஏறிவிட்டால் அந்த வீட்டில் நானும் சுவரும்தான். ஆனால் கதவை மாட்டினால் ஜப்திக்காரன் கொண்டுபோவான். விழுப்புரம் கோர்ட்டில் காசு வாங்காத வக்கீல் இருக்கிறார்களாம், கேட்டுப் பார்க்கலாம் என்றாள் வேணி. காசு வாங்காத வக்கீலா? அப்போதே எனக்குச் சந்தேகம். இருந்தாலும் போனேன்.

வக்கீல் பெயர் ஆர்த்தி. என் மருமகள் வயசு இருக்கும். அந்த ஆள் கோர்ட் உத்தரவு காட்டினானா என்று கேட்டது. இல்லை என்றேன். அட்டைக் கடனுக்கு பேங்க் முதலில் கேஸ் போட வேண்டுமாம். தீர்ப்பு வந்த பிறகும் கோர்ட் ஆள்தான் வர வேண்டுமே தவிர, வசூல்காரன் எதையும் தொடக் கூடாதாம். வீடு என் பேரில் இருக்கிறது, கடனில் நான் கையெழுத்துப் போடவில்லை. அது மட்டுமில்லை, என்னை மாதிரி கூலிக்காரன் குடியிருக்கிற சொந்த வீட்டை இந்த மாதிரிக் கடனுக்கு ஜப்தி பண்ணவே முடியாதாம்.

"கதவும் வீட்டோட சேர்த்திதான் ஐயா. போய் மாட்டுங்க."

"எங்க அப்பா கதவ மட்டும் எப்படிம்மா தூக்கினாங்க?"

அது சொசைட்டிக் கடன், அதற்குச் சட்டம் வேறு என்றது. பார்த்தீர்களா, கடனுக்குக் கடன் ஒரு சட்டம். கோர்ட்டிலிருந்து தபால் வந்தால் மட்டும் திருப்பி அனுப்பாமல் தன்னிடம் கொண்டுவரச் சொன்னது. கடன் போய்விடாது, தென்னரசு பேங்கில் பேசித் தவணை கேட்க வேண்டும் என்றும் சொன்னது.

நான் வக்கீலை நம்பிக் கதவை மாட்டவில்லை. பை வேணியின் தோளில் இருந்ததால் மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை வசூல்காரன் இரண்டு தடியன்களோடு வந்தான். வேணி கதவைத் தாழ் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனாள். நான் உள்ளே கதவுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"கோர்ட்டு உத்தரவு இருந்தா காட்டுங்க. இல்லாட்டி இன்னாத்துக்குக் கதவத் தட்றீங்க?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

உத்தரவு வரும் என்றான்.

"வந்ததும் எடுத்துக்கினு வாங்க. இப்ப கொழந்த தூங்குது."

முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. வேணி பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டாள்.

"பாத்தீங்களா மாமா?"

"போனவன் வழி தெரிஞ்சிகினு போயிருக்கான்," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று திருப்புளியை மடியில் செருகிக்கொண்டு, மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கக் கொல்லைக்கு நடந்தேன்.