மரத்தைப் பார்க்க வந்த விருந்தாளி

ஆங்கிலேயப் புறநகரான ஃபாரஸ்ட் கேட்டில் கிறிஸ்துராஜா வீட்டுப் பின்வளவில் ஒரு ஹாதோர்ன் மரம் நின்றது. முள்ளும் கோணலுமாக, ஒன்றுக்கும் ஆகாத மரம். மனைவி கிளறிற்றா சமைக்கவென்று ஆசைப்பட்ட பெரிய குசினியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டுவதென்றால் அது விழவேண்டும். அதற்கு நகரக் கவுன்சிலின் மர அதிகாரி வந்து பார்ப்பார். பெறுமதியான மரம் என்று பட்டால் பாதுகாப்பு ஆணை போட்டுவிடுவார். பிறகு ஒரு கொப்பைக்கூடத் தொட ஏலாது.

"பாக்கிற மனிசன் இது உதவாத மரம் எண்டு நினைக்கோணும். நீர் ஒண்டும் செய்யவேண்டாம்" என்று சொல்லிவிட்டு கிறிஸ்துராஜா ஷிப்டுக்குப் போனார்.

கிளறிற்றாவின் காதில் விழுந்தது ஒன்றுதான்: வீட்டுக்கு ஆள் வருகிறது.

அவள் மன்னார்க் கடற்கரைக்காரி. காய்ந்த கொப்புகளைத் தறித்தாள், அடியைக் கொத்தினாள், மீன் கழுவிய தண்ணீரை நாள்தோறும் வாளி வாளியாக ஊற்றினாள். மே பிறந்ததும் மரம் பூத்த பூவில் முள்ளும் தெரியவில்லை, இலையும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பனி கொட்டியதென்று, அதைக் கரைக்க வாசலில் உப்புத் தூவினார். அடுத்த ஊரான மனோர் பார்க்கின் தேனீக்கள் ஒரு தரிப்புத் தூரம் ரயிலில் வந்து இறங்கின. பார்த்தவர்கள் பொய் சொல்லும் ஆட்கள் அல்ல.

கிறிஸ்துராஜா வேலையால் வந்தபோது அதிகாரி ஒரு கையில் மீன் ரோல்ஸுடன் மரத்தடியில் நின்றார்.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?"

"வாற மனிசன் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?" என்றாள் கிளறிற்றா.

அதிகாரி பூங்கொத்துக்குள் மூக்கை வைத்தார். ஹாதோர்ன் பூவுக்குக் கொஞ்சம் அழுகல் வாடை இயல்பு. அன்று வீசியதோ அசல் சூடைமீன். அவர் கண் கலங்கியது.

"இப்படியொரு வாசத்தை நான் முகர்ந்ததேயில்லை. பூவின் நடுவில் இரண்டு தண்டு, பாருங்கள். சாதாரண ஹாதோர்னுக்கு ஒன்றுதான். இது மிட்லண்ட் ஹாதோர்ன், பழைய காடுகளின் சொந்த மரம்."

"உள்ளுக்கெல்லாம் கோறை, வெறும் பொந்து, சேர். சாகப்போற மரம்" என்றார் கிறிஸ்துராஜா.

"விசர்க்கதை கதையாதேங்கோ. நான்தானே பாக்கிறன், நல்ல சுகமாய் இருக்குது" என்ற கிளறிற்றா, அதிகாரிக்கும் விளங்கட்டும் என்று அதை ஆங்கிலத்திலும் சொன்னாள்.

ஆணை வந்தது. கூடவே, அதிகாரி தன் மேலதிகாரிகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் செய்தியும் வந்தது.

"அத்தினை பேருக்கும் இந்தக் குசினிக்குள்ள எப்பிடியப்பா ரோல்ஸ் சுடுறது? ரெண்டு பேர் நிக்க ஏலாது" என்றாள் கிளறிற்றா.

கிறிஸ்துராஜா வெங்காயக் கூடையைத் தூக்கிக்கொண்டு, உரிப்பதற்கு மரத்தடிக்குப் போனார்.