கடல் தாண்டாத கத்தரிக்காய்

1970 மார்ச் 9. நேற்று இந்த நோட்டில் எழுதியதில் ஒரு பிழை. அந்தமானில் எங்கள் சௌல்தாரி கிராமத்துக் கண்ணையாவின் கத்தரிக்காய்கள் 1958இல் முதன்முதலாகக் கப்பலேறி, மூன்றாம் நாள் செடிக்குத் திரும்பின என்று இருக்கிறது. மறுநாள் காலையே திரும்பிவிட்டன.

அதன் பிறகும் அப்படித்தான். போர்ட் பிளேயர் சந்தையில் அவை ஒழுங்காக விலைபோயின. கப்பல் துறைமுக வாயைத் தாண்டினால் மட்டும், விடியும்போது கத்தரி செடியிலும் பூசணி கொடியிலும் வாழைத்தார் மரத்திலும் பழையபடி ஒட்டியிருக்கும். அறுத்த இடம் காம்பில் வளையமாகத் தெரியும். சென்னையில் வெறும் கூடைகள் இறங்கும். விவசாய இலாகா பாபு வந்து பாத்தி ஓரம் குந்திப் பார்த்தார். மற்ற ஊர்களின் ஏற்றுமதி ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகிறது, இது ஒன்றுதான் ஆடாமல் நிற்கிறது என்றார். 'நிலையானது' என்று எழுதிக்கொண்டு போனார். ஊரும் அதோடு விட்டுவிட்டது.

விட முடியாதவள் கண்ணையாவின் மனைவி தனபாக்கியம். 1953இல் ராமநாதபுரத்திலிருந்து குடியேற வந்தபோது, காட்டுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து, மூன்று வயது மகள் ருக்குவை அக்காள் வீட்டில் விட்டு வந்திருந்தாள். 1967இல் ருக்குவுக்குப் பரமக்குடியில் வரன் அமைந்தது. தனபாக்கியம் கப்பலேறினாள். மறுநாள் காலை பூசணிக் கொடிகளுக்கு நடுவே ஈரச் சேலையோடு கிடந்தாள். அடுத்த கப்பலிலும் அதேதான். கப்பல் அணையும் ஜெட்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், "க்யா மௌசி, இன்னிக்கும் ரிட்டர்ன் டிக்கெட்டா?" என்று இந்தியில் சித்தி முறை வைத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

கப்பலில் வரும் அரிசி, உருளை, வெங்காயம் எதுவும் தன் வீட்டு அடுப்பில் ஏறாது என்று கண்ணையா வந்த நாள் முதல் வீம்பாக இருந்தார். சொந்த மண்ணில் விளைந்ததைத்தான் அந்த வீட்டில் தின்றார்கள். பக்கத்து நிலத்துப் பழனிசாமிக்குத்தான் விஷயம் பிடிபட்டது.

"உம் பொண்டாட்டி ஒடம்பு பூரா உன் கத்தரிக்காதான்யா. அது எப்படிக் கடல் தாண்டும்?"

தனபாக்கியம் அழவில்லை. "ஏங்க, இனிமே உங்க காய் எனக்கு வேணாம். எம் புள்ளைய நான் பாக்கணும்" என்றாள்.

அடுத்த கப்பல் வந்த அன்று கண்ணையாவே ஜெட்டிக்குப் போய் வெங்காய மூட்டையைத் தோளில் சுமந்து வந்தார். அவள் பழனி முருகனை வேண்டி மொட்டை போட்டுக்கொண்டு, கப்பலில் வந்ததை மட்டும் சாப்பிட்டாள். கப்பல் தாமதமான மாதங்களில் அழுகிய வெங்காயத்தை உரித்து, நல்ல சதை இருந்த வரை தின்றாள். தோட்டத்தில் தாழக் காய்த்துத் தொங்கியதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வருஷம் பொறுத்தார்கள். பிறகு, இனியும் தாய்க்காகக் காத்திருக்க முடியாது என்றார்கள். மாசியில் முகூர்த்தம் குறித்தார்கள். அதற்குள் கப்பல் அரிசியில் முளைத்த முடி தோளுக்கு வந்திருந்தது.

சென்ற மாதம் பழனிசாமியின் துணையோடு கப்பலேறினாள். மறுநாள் காலை பூசணிக் கொடிகளுக்கு நடுவே மொட்டைத் தலையோடு கிடந்தாள்.

இன்று பழனிசாமியின் தந்தி வந்தது. முடி மட்டும் கப்பலில் தலையணையிலேயே கிடந்ததாம்; சென்னை வரைக்கும் போய், பரமக்குடிக்கும் போய்ச் சேர்ந்தது. ருக்கு அதைச் சவரியாக வைத்துப் பின்னி, மணவறையில் உட்கார்ந்தாள்.

நான் படித்துச் சொன்னதும் தனபாக்கியம் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"முடி போயிருச்சு. பேரப்புள்ள பொறக்கறதுக்குள்ள கை ரெண்டும் போகட்டும். தூக்கணும்ல" என்றாள்.

கண்ணையா அவளுக்கு உருளைக்கிழங்கை அவித்து, தோலுரித்துக் கொடுத்தார்.

நாளை வெயில் ஏறுமுன் அவள் கத்தரிப் பாத்தியில் களை எடுக்க வேண்டும்.