நாற்பது நிமிடம் பிந்தி வரும் கை

கதவுப் பட்டறை ஆபரேட்டரின் வலது கை அவரைவிட நாற்பது நிமிடம் பின்னால் ஓடுகிறது. இது ஊரறிந்த விஷயம். காலை பஸ்ஸில் அந்தக் கை தானாக எழுந்து, இல்லாத பிரஷ்ஷால் பல் தேய்க்க ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர்கள் முழங்கை இடிக்காதபடி கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள். அவ்வளவுதான். அவருக்குப் பட்டறை வைத்த பெயர் அரைநூல். பலகையில் மயிரிழை பிசகினாலும் "அரை நூல் தள்ளிப் போச்சு" என்று வேலையை நிறுத்திவிடுகிற ஆள் அவர்.

பலகை செதுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், தூசு படாமல் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் பன்னிரண்டு வருடமாக இருந்தது. கத்தி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. கத்தியை நகர்த்தும் திருகுத் தண்டு வருடா வருடம் தேய்ந்து ஆட்டம் கண்டது. அரைநூல் சனிக்கிழமை தோறும் மெல்லிய தகட்டைச் செருகி அந்த ஆட்டத்தை அளந்து, கிடைத்த அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். கம்ப்யூட்டர் அந்த அளவுக்குக் கத்தியைக் கூடுதலாகத் தள்ளிச் சரிசெய்துகொள்ளும். அதே எண்களை இயந்திரத்துக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் எழுதியும் வைத்தார். நோட்டு தொலைந்து போகும், சுவர் எங்கே போகும் என்பது அவர் நினைப்பு.

முதலாளியின் மச்சினன் பட்டறைக்குள் காலை வைத்தது அந்தப் பன்னிரண்டாம் வருடம்தான். படித்தவன் என்று சொல்லிக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. "இன்னுமா மாமா இந்த சிஸ்டம்? பாக்கறவன் சிரிப்பான். புது ஓஎஸ் போட்டுடலாம்" என்று ஆரம்பித்தான். அரைநூல் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, இது செய்யற வேலை ஒண்ணே ஒண்ணு. அதை ஒழுங்கா செய்யுது. இன்டர்நெட்டும் கிடையாது, ஒரு வைரஸும் கிடையாது. நல்லா இருக்கிறதை எதுக்குத் தொடணும்?" முதலாளி கொட்டாவி விட்டார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மச்சினன் ஞாயிற்றுக்கிழமை வந்து பழையதை முழுக்க அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினான். புதுத் திரை போட்டோவில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று பின்னாலிருந்த சுவருக்கு இளநீலப் பெயின்ட் வேறு அடித்தான். பன்னிரண்டு வருடச் சனிக்கிழமைகள் ஒரு வாளிப் பெயின்டுக்குள் போயின.

திங்கட்கிழமை அரைநூல் முதலிலிருந்து அளக்கலாம் என்று தகட்டைச் செருகினார். தகடு நுழையவில்லை. தண்டில் ஆட்டமே இல்லை, வாங்கிய அன்றுகூட அப்படி இருந்ததில்லை. தேய்ந்த இரும்பு தானாக வளராது, ஆட்டம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? மதியம் தண்ணீர் குடிக்க வாயைத் திறந்தார், டம்ளர் ஒரு கணம் கழித்து வந்து சட்டையை நனைத்தது. மூன்றாம் மாதம் கை ஒரு நிமிடம் பிந்தியது. இரண்டு வருடத்தில் நாற்பது நிமிடத்துக்கு வந்து அங்கேயே நின்றது, பன்னிரண்டு வருடத் தேய்மானத்தின் மொத்தம் அவ்வளவுதான் போலிருக்கிறது. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். அடுத்த நோயாளி உள்ளே போய் வெளியே வந்த பிறகு, மருந்துக்கடை வாசலில் கை எழுந்தது. நரம்பில் குறையில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

இயந்திரத்தைப் பார்க்க வந்த சர்வீஸ்காரர்தான் வழி சொன்னார். பழைய சிஸ்டத்தைத் திரும்ப ஏற்றினால் ஆட்டம் தண்டுக்கே போய்விடும், அரை மணி நேர வேலை. அது இருந்த சீடி முதலாளியின் மேசை டிராயரில் கிடந்தது. முதலாளி முடியாது என்றார். கதவுகள் இவ்வளவு சுத்தமாக என்றைக்கு வந்திருக்கின்றன? "யோவ், மிஷின் நல்லாத்தானேய்யா ஓடுது" என்றார், பல்லைக் குத்திக்கொண்டே. போதாததற்கு, சாப்பிடப் போகும் முன்பே மிஷினை ஓட்டும் பச்சைப் பட்டனை மனசால் அமுக்கிவிட்டு, சாப்பிட்டு வந்து கையை அங்கே வைத்தால் போதும், நேரம் மிச்சம் என்று மச்சினன் யோசனை சொன்னான். இவர்களும் சோறுதான் தின்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

வீட்டில் மனைவியும் ஆறு வயது மகளும் பழகிக்கொண்டார்கள். அப்பாவுக்குத் தலையைத் தடவ வேண்டும் என்று தோன்றினால் மகளிடம் சொல்வார். அவள் விளையாடப் போய்விட்டு, சரியாக நாற்பதாவது நிமிடம் வந்து தலையைக் காட்டி நிற்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அரைநூல் கடைசியாகக் கேட்டார். "முதலாளி, அந்தச் சீடியை மட்டும் குடுங்க. நானே போட்டுக்கறேன்." முதலாளி டிராயரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டார். அரைநூல் அவரை ஓங்கி அறைந்தார். மனசுதான் அறைந்தது, கை தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "அடிச்சுட்டியா? வரட்டும், வரட்டும். அதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்க் காபியே குடிச்சுடுவேன்" என்றார். மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்த அறை யார் மேலும் விழக்கூடாது என்று அரைநூல் பஸ்ஸை விட்டுவிட்டு ஆளில்லாத சந்துகளில் நடந்தார். வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பூட்டிய கடையின் ஷட்டரைப் பார்த்தபடி நின்றுகொண்டார். மணி ஆறு ஒன்பது. வாசலிலிருந்து பார்த்துவிட்ட மகள் ஓடி வந்தாள். "கிட்ட வராதம்மா, போ!" என்று கத்தினார். அவள் கேட்கவில்லை. ஐந்தரை மணிக்கு, வேலை முடிகிற நேரத்தில், அப்பா தன்னைத்தான் நினைத்திருப்பார் என்று கணக்குப் போட்டு, இடையில் புகுந்து முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். கை வந்தது.

மறுநாள் மனைவி, கன்னம் வீங்கிய பிள்ளையை அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். முதலாளி பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். சீடி இன்னும் அந்த டிராயரில்தான் இருக்கிறது, தூ.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, அடி விழுந்தபோது மகள் வாய்விட்டு அழவில்லை. அப்பா அவள் கன்னத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினார், கை அசையவில்லை. "தொடச்சுட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். தலையாட்டினார். அவருடைய வாட்சைப் பார்த்துவிட்டு, ஆறு ஐம்பது வரை அங்கேயே கன்னத்தைக் காட்டியபடி நின்றாள்.